கயோட்டிக்கு லைசென்ஸ் வேண்டாமாம், சுடுகிற உங்களுக்கு?

டெக்சாஸில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறார். அடையாளம் தெரியாமல் இருக்க ஒன்றிரண்டு விவரங்களை மாற்றிச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவர் எச்-1பி என்ற வேலை விசாவில் இருக்கிறார். கம்பெனி அவருக்காகப் போட்ட ஐ-140 மனு ஒப்புதலாகி, கிரீன் கார்டு வரிசையில் காத்திருக்கிறார். மனைவி துணைவருக்கான எச்-4 விசாவில், மகள் அங்கேயே பிறந்தவள். கூட வேலை செய்யும் அமெரிக்க நண்பரின் மாமனாருக்குச் சான் ஆஞ்சலோ பக்கம் ஆட்டுப் பண்ணை இருக்கிறது. வசந்தத்தில் போட்ட குட்டிகளில் பலவற்றைக் கயோட்டிகள் தூக்கிப்போய்விட்டன. நம்மூர் நரிக்கு அண்ணன் மாதிரி இருக்கும் அமெரிக்கக் காட்டு நாய்தான் கயோட்டி. குளிர்காலத்தில் ஒரு வார இறுதியில் நண்பர் இவரையும் வேட்டைக்கு அழைத்துப் போயிருக்கிறார். பிக்கப் டிரக்கின் பின்புறத்தில் உயரமாக இருக்கை அடித்து, சுற்றிலும் கம்பி வைத்திருக்கிறார்கள். ஒருவர் ஓட்ட, ஒருவர் சிவப்பு விளக்கை வீச, முயல் அலறுவது போல் ஒலி எழுப்பும் கருவியைத் தரையில் வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். ஒரு வயலிலிருந்து இன்னொரு வயலுக்குப் போகக் கவுண்டி ரோடு எனப்படும் பொதுச் சாலையில் கால் மைல் ஓட்ட வேண்டியிருந்தது. இரவு பதினொரு மணிக்கு மேல் இரண்டு கண்கள் மின்னின. நண்பர், உடல் சூட்டை வைத்து இருட்டில் உருவத்தைக் காட்டும் தெர்மல் ஸ்கோப் மாட்டிய ரைஃபிளை இவர் கையில் கொடுத்தார். முதல் குண்டு தவறியது, இரண்டாவது பட்டது.

சுட்டதை எடுத்த வீடியோ குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போனது. சென்னையில் இருக்கும் சித்தப்பா மகன், "மச்சி, இதுக்கெல்லாம் விசா போயிடாதா?" என்று கேட்டிருக்கிறார். அன்றிலிருந்து இவருக்குத் தூக்கமில்லை. நண்பரோ, "கயோட்டிக்கு சீசன் கிடையாது, லைசென்ஸ் கிடையாது, நிலம் நம்முடையது, என்ன பயம்?" என்கிறார். நான் செய்தது குற்றமா, அடுத்த மாதம் மறுபடி கூப்பிடுகிறார்கள் போகலாமா, ஒட்டன்சத்திரம் பக்கம் மக்காச்சோளம் போட்டிருக்கும் அண்ணனுக்குக் காட்டுப்பன்றி விரட்ட அந்த ஸ்கோப் ஒன்று வாங்கிப் போகலாமா என்று மூன்று கேள்விகள். கடைசி வரியில், "இது பாவம் இல்லையா என்று மனைவி கேட்கிறாள்" என்றும் எழுதியிருக்கிறார்.

இனி உங்களிடமே பேசுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். பத்திரிகைக்கு எழுதும் கடிதத்துக்கு வக்கீல்–கட்சிக்காரர் ரகசியப் பாதுகாப்பு கிடையாது. தேதி, ஆள் பெயர், பண்ணை பெயர் எல்லாம் எழுதியிருந்தீர்கள். இனி அவற்றை நீங்கள் அமர்த்தும் வக்கீலைத் தவிர யாரிடமும் சொல்லாதீர்கள். கீழே நான் சொல்வது பொதுவான விளக்கம்தான். உங்கள் கோப்பைப் பார்த்து ஒரு வக்கீல் சொல்லும் ஆலோசனைக்கு அது ஈடாகாது.

நண்பர் சொன்னதில் எவ்வளவு சரி

பாதிக்கு மேல் சரி. டெக்சாஸ் சட்டத்தில் கயோட்டி வேட்டை விலங்குப் பட்டியலில் இல்லை. அதற்கு மூடிய சீசன், அதாவது சுடக்கூடாத காலம், கிடையாது. தனியார் நிலத்தில், நில உரிமையாளர் சம்மதத்தோடு, ராத்திரியிலும் விளக்கு வைத்தும் சுடலாம். சொந்த வேலிக்குள் வண்டியில் உட்கார்ந்தபடி சுடுவதையும் அந்த மாநிலம் தடுக்கவில்லை. நம்மூரில் வளர்ந்தவருக்கு இதை நம்பவே கஷ்டமாக இருக்கும். அதனால்தான் இவ்வளவு சுலபம் என்றால் வேறு எதுவுமே சிக்கல் இல்லை என்று முடிவு கட்டிவிட்டீர்கள்.

லைசென்ஸ் வேண்டாம் என்றாரே, அங்கேதான் சறுக்கல். கயோட்டி கால்நடையையோ வீட்டு விலங்கையோ தாக்கிக்கொண்டிருந்தால், தாக்கப்போகிறது என்றால், அல்லது சமீபத்தில் தாக்கியிருந்தால் மட்டுமே லைசென்ஸ் இல்லாமல் சுட மாநிலச் சட்டம் விடுகிறது. வசந்தத்தில் குட்டிகள் போன கணக்கைக் குளிர்காலத்தில் பொழுதுபோக்காகத் தீர்க்கப் போனதை அந்த விலக்குக்குள் அடக்குவது சிரமம். மற்ற நேரத்தில் கயோட்டியைச் சுடவும் வேட்டை லைசென்ஸ் வேண்டும். உங்கள் நண்பரிடம் ஏற்கெனவே லைசென்ஸ் இருந்திருக்கும். மான் சீசனுக்காக எடுத்திருப்பார். அதனால் அவருக்கு இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

அப்புறம் அந்தக் கால் மைல். கடிதத்தில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள்; எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது. பொதுச் சாலையிலும் அதன் ஓரத்து நிலத்திலும் வேட்டையாடக்கூடாது. சாலைக்குக் குறுக்கே சுடுவது குற்றம். அடுத்தவர் எல்லையைக் குண்டு தாண்டினால் அதுவும் குற்றம். விளக்கை வீசிக்கொண்டு, ரைஃபிளைத் தயாராகப் பிடித்தபடி கவுண்டி ரோட்டில் ஒரு டிரக் ஊர்ந்து போனால் வேட்டை விதிகளைக் கண்காணிக்கும் அதிகாரியான கேம் வார்டன் அதை வேட்டை முயற்சியாகத்தான் பார்ப்பார். ராத்திரியில், விளக்கோடு, வண்டியிலிருந்து மான் சுடுகிறவர்களைப் பிடிப்பதே அவருக்குப் பெரிய வேலை. நீங்கள் கயோட்டிக்குப் போகிறீர்கள் என்பது தூரத்திலிருந்து அவருக்கு எப்படித் தெரியும்? வேட்டைக்குக் கிளம்பும் முன் ஷெரிஃப் அலுவலகத்துக்கும் கேம் வார்டனுக்கும் ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுவது அதனால்தான் நல்லது.

ரைஃபிள் உங்கள் கைக்கு வந்த நிமிடம்

இதுவரை சொன்னது மாநிலச் சட்டம். உங்கள் நண்பருக்கு அதோடு கதை முடிந்தது. உங்களுக்கு மேலே, நாடு முழுவதற்கும் பொருந்தும் ஒரு கூட்டாட்சிச் சட்டமும் இருக்கிறது. குடியேற்றம் அல்லாத விசாவில் அனுமதிக்கப்பட்டவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்கிறது அது. எச்-1பி, எச்-4, மாணவர் விசா எல்லாமே இதில் அடங்கும். "வைத்திருப்பது" என்றால் சொந்தமாக வாங்குவது என்று நினைக்காதீர்கள். இரண்டு குண்டு சுடுவதற்காக வாங்கிப் பிடித்ததும் வைத்திருப்பதுதான். ஐ-140 ஒப்புதலானதால் இந்த நிலை மாறவில்லை. கிரீன் கார்டு கைக்கு வரும்வரை நீங்கள் எச்-1பிதான்.

இந்தத் தடைக்குச் சில விலக்குகள் உண்டு. உங்களுக்கு நடைமுறையில் பொருந்தக்கூடியது ஒன்றுதான்: அமெரிக்காவில் முறையாக வழங்கப்பட்ட வேட்டை லைசென்ஸ் அல்லது பெர்மிட் ஒருவரிடம் இருந்தால் தடை அவரைத் தொடாது.

இப்போது நண்பரின் வாதத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆட்டை அடித்த கயோட்டிக்கு லைசென்ஸ் வேண்டாம் என்று மாநிலம் தந்த சலுகை அவருக்கு உதவுகிறது. உங்களுக்கோ அதுவே பொறி. அன்றைக்கு அந்தக் கயோட்டி ஆட்டின் கழுத்தைக் கவ்விக்கொண்டு நின்றிருந்தால், மாநிலச் சட்டப்படி நீங்கள் லைசென்ஸ் இல்லாமல் சுட்டது தப்பில்லை. அப்போதும் கூட்டாட்சிச் சட்டப்படி உங்கள் கையில் துப்பாக்கி இருந்ததே தப்பு. டெக்சாஸில் பிறந்து வளர்ந்தவருக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அவரைக் குறை சொல்லாதீர்கள். ஆனால் சொல்லி வையுங்கள்: தடை உள்ளவர் என்று தெரிந்தே துப்பாக்கி கொடுப்பவரும் குற்றவாளி ஆகிறார்.

தண்டனை எவ்வளவு? 2022-இல் திருத்தப்பட்ட பிறகு உச்சம் 15 ஆண்டு. முன்பு 10 ஆக இருந்தது. உச்சத்தைப் பார்த்து மிரள வேண்டாம். எல்லோருக்கும் அது விழுவதில்லை. சிறையைவிட எனக்குக் கவலை தருவது குடியேற்றச் சட்டம். துப்பாக்கி தொடர்பான குற்றத்தில் தண்டனைத் தீர்ப்பு வந்துவிட்டால் அது தனியாகவே நாடு கடத்தலுக்குக் காரணமாகும். கிரீன் கார்டு வாங்கியவர்களுக்கும் இது பொருந்தும்.

"எனக்குத் தெரியாதே" என்று எழுதியிருக்கிறீர்கள். இதில் 2019-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்த ரெஹைஃப் வழக்கு முக்கியம். ஐக்கிய அரபு அமீரகத்திலிருந்து ஃபுளோரிடாவுக்குப் படிக்க வந்த மாணவர் ரெஹைஃப். மதிப்பெண் குறைந்து கல்லூரி நீக்கியது. நாட்டைவிட்டுப் போகாமல் தங்கினார். ஒரு துப்பாக்கிப் பயிற்சிக் கூடத்துக்குப் போய்ச் சுட்டுப் பழகினார். 18 மாதச் சிறைத் தண்டனை விழுந்தது. தன் அந்தஸ்து என்ன என்பது அவருக்குத் தெரிந்திருந்ததை அரசு நிரூபிக்க வேண்டும் என்று சொல்லி உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து வழக்கைக் கீழ் நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பியது. இதைப் படித்துவிட்டு "சட்டம் தெரியாதென்றால் தப்பிக்கலாம்" என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். தவறு. அந்தத் தீர்ப்பு தன் விசா நிலை தெரியாதவரைப் பற்றியது. நீங்கள் எச்-1பியில் இருப்பது உங்களுக்கு நன்றாகத் தெரியும். அந்த விசாவில் துப்பாக்கி கூடாது என்ற விதி தெரியாது என்பதை நீதிமன்றம் ஒரு காரணமாக ஏற்கும் என்று நம்பி இருக்காதீர்கள்.

நடந்ததற்கு இப்போது என்ன செய்வது

ஒரு வார இறுதி வேட்டையைத் தேடிக்கொண்டு அதிகாரிகள் வீட்டுக்கு வரமாட்டார்கள். இப்படிப்பட்டவை வெளியே வருவது வேறு ஏதோ ஒன்றுக்காக வண்டியை நிறுத்தும்போது, அல்லது நீங்களே ஒரு படிவத்தில் கையெழுத்துப் போடும்போது. அதனால் பதற்றத்தில் எதையும் செய்யாமல் இருப்பது முக்கியம்.

வீடியோவை அழித்துவிடுங்கள் என்று இரவோடு இரவாகக் குழுவில் எல்லோரையும் கெஞ்ச வேண்டாம். இனி பகிராதீர்கள், புதிதாக எதுவும் போடாதீர்கள். இருப்பதை என்ன செய்வது என்பதை வக்கீலிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். விசாரணையை மனதில் வைத்துச் சாட்சியத்தை அழித்தால் அது தனிக் குற்றமாகிவிடும். யாராவது அதிகாரி கேட்டால் வக்கீல் இல்லாமல் பேச விரும்பவில்லை என்று மரியாதையாகச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. பொய் சொல்ல உரிமை கிடையாது.

கிரீன் கார்டுக்கான ஐ-485 படிவம் வரும்போது கவனம் தேவை. கைதாகாவிட்டாலும் எப்போதாவது குற்றம் செய்திருக்கிறீர்களா என்ற வகைக் கேள்வி அதில் இருக்கும். "யார் கண்டது" என்று கண்ணை மூடிக்கொண்டு "இல்லை" என்று குறித்துவிட்டு, பிறகு அந்த வீடியோ எங்கிருந்தாவது முளைத்தால், இரண்டு குண்டு விவகாரம் பின்னுக்குப் போய்ப் பொய்த் தகவல் கொடுத்த விவகாரம் முன்னுக்கு வந்துவிடும். பொய்த் தகவலுக்கான தடை ஆயுளுக்கும் ஒட்டிக்கொள்ளும். ஆகவே படிவம் நிரப்புவதற்கு வெகு முன்பே, குடியேற்றம், குற்றவியல் இரண்டும் தெரிந்த வக்கீலிடம் ஒரு மணி நேரம் காசு கொடுத்து உட்காருங்கள். அந்தக் கேள்விக்கு உண்மையாகவும் உங்களுக்குக் குறைந்த சேதத்தோடும் எப்படிப் பதில் எழுதுவது என்பது அவர் வேலை. கம்பெனி வைத்திருக்கும் வக்கீலிடம் போகாதீர்கள். அவர் கம்பெனிக்கும் வக்கீல்.

விசா முத்திரைக்குச் சென்னைக்கு வரும்போது நிரப்பும் டிஎஸ்-160 படிவம் 2019 முதல் சமூக ஊடகக் கணக்குகளின் பெயரைக் கேட்கிறது. குடும்பக் குழுவிலிருந்து யாராவது ஆசையாக எடுத்து இன்ஸ்டாகிராமில் உங்களை டேக் செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுபடி கூப்பிடுகிறார்களே

லைசென்ஸ் எடுக்காமல் போகாதீர்கள். எடுத்துவிட்டால் போகலாம்; சட்டம் உங்களுக்கென்றே விட்டுவைத்த வழி அது. எடுப்பதும் கஷ்டமில்லை. தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் டெக்சாஸில் வசிப்பவருக்குச் சாதாரண வேட்டை லைசென்ஸ் 25 டாலர். 1971 செப்டம்பர் 2-ஆம் தேதியோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பயிற்சி வகுப்பு முடித்திருக்க வேண்டும். வயது வந்தவர்கள் அதை ஆன்லைனிலேயே படித்துவிடலாம். ஒரே ஒரு முறை வகுப்பைத் தள்ளிப்போடும் வசதியும் உண்டு. நீங்கள் அதைப் பயன்படுத்த வேண்டாம் என்பேன். துப்பாக்கி பிடித்துப் பழக்கமில்லாதவருக்கு அந்த வகுப்பு நிஜமாகவே தேவை.

பலர் கோட்டை விடுவது லைசென்ஸின் காலாவதியில். டெக்சாஸ் லைசென்ஸ் ஆகஸ்ட் 31-ஆம் தேதியோடு முடிகிறது. கயோட்டிக்கு சீசன் இல்லை, ஆனால் உங்கள் விலக்குக்கு உண்டு. புதுப்பிக்க மறந்து செப்டம்பர் 1-ஆம் தேதி காலை உங்கள் அலமாரியில் ஒரு தோட்டாப் பெட்டி கிடந்தாலும் சிக்கல்தான்.

சும்மா உடன் போய்ப் பார்க்கலாமா என்றும் கேட்கலாம். பார்ப்பது குற்றமில்லை. ஆனால் அந்த டிரக் மேடையில் துப்பாக்கிகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். யாராவது கவுண்டி ரோட்டில் நிறுத்தினால் எது யாருடையது என்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டும். "கொஞ்சம் பிடி, கேட்டைத் திறந்துட்டு வரேன்" என்று நீட்டுவார்கள். வாங்கிவிடுவீர்கள். கூச்ச சுபாவம் உள்ளவர்கள் லைசென்ஸ் வரும்வரை வீட்டிலேயே இருப்பது நல்லது.

மாநில எல்லை தாண்டினால் விதியும் மாறும். கான்சாஸில் கயோட்டிக்கு மட்டும் வண்டியையும் ரேடியோவையும் வேட்டையில் பயன்படுத்தலாம். ஆனால் ஜனவரி முதல் மார்ச் வரை தெர்மல், இரவுப் பார்வைக் கருவிகளோடு வேட்டையாட தனி பெர்மிட் வேண்டும். அந்தக் கருவிகளோடு வண்டியைச் சேர்க்கக் கூடாது. டெக்சாஸில் பழகியதை அப்படியே அங்கே செய்தால் மாட்டுவீர்கள்.

இன்னும் இரண்டு விஷயம், இவை சட்டத்தைவிடப் பாதுகாப்பு சம்பந்தப்பட்டவை. தெர்மல் ஸ்கோப்பில் சூடு மட்டும்தான் வெள்ளையாகத் தெரியும். நிறம் தெரியாது, கழுத்துப் பட்டை தெரியாது, பின்னால் இருக்கும் கம்பி வேலியும் சரியாகத் தெரியாது. அந்தப் பக்கத்து ஆட்டுப் பண்ணைகளில் கிரேட் பிரனீஸ் போன்ற காவல் நாய்களை மந்தையோடு விடுவார்கள். தூரத்தில் புல் நடுவே அது தலையைத் தாழ்த்தி நடந்தால் கயோட்டி என்று எண்ணிச் சுட்டுவிடும் ஆபத்து உண்டு. இரண்டு கண் மின்னியதும் சுட்டதாக எழுதியிருக்கிறீர்கள். கண் மின்னினால் அங்கே ஏதோ ஓர் உயிர் இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். முழு உருவமும், அதன் பின்னால் என்ன இருக்கிறது என்பதும் தெரியாமல் விசையைத் தொடாதீர்கள். அப்புறம் பீர். டிரக்கில் ஐஸ் பெட்டி இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். குடித்துவிட்டு ஓட்டியதாகக் கைதானாலே, தீர்ப்பு வரும் முன்பே விசாவை ரத்து செய்யும் வழக்கம் அமெரிக்க வெளியுறவுத் துறைக்கு உண்டு. துப்பாக்கியும் சேர்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

மனைவி கேட்ட கேள்விக்குச் சட்டப் புத்தகத்தில் பதில் இல்லை. ஒரு தகவல் மட்டும் சொல்லலாம்: அமெரிக்க வேளாண் துறையின் வனவிலங்குப் பிரிவு மட்டுமே ஆண்டுக்கு 50,000-க்கு மேல் கயோட்டிகளைக் கொல்கிறது. அப்படியும் நூறு ஆண்டுகளாகக் கயோட்டி பரவிக்கொண்டேதான் இருக்கிறது. இப்போது அலாஸ்காவிலிருந்து பனாமா வரை இருக்கிறது. ஒரு ராத்திரியில் நீங்கள் சுட்ட ஒன்றால் நண்பருடைய மாமனாரின் ஆட்டுக்குட்டிகள் பிழைக்கும் என்று நான் பந்தயம் கட்டமாட்டேன். நல்ல காவல் நாய்கள் இரண்டு அதைவிட உதவும்.

ஊருக்கு ஸ்கோப்

வேண்டாம். துப்பாக்கியில் மாட்டும் தெர்மல் ஸ்கோப் அமெரிக்க ஏற்றுமதிக் கட்டுப்பாட்டின் கீழ் வரும் பொருள். கடையில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்பதால் பெட்டியில் போட்டு எடுத்துப் போகலாம் என்று ஆகாது; அனுமதியில்லாமல் கொண்டுபோவது கூட்டாட்சிக் குற்றம். ஏற்கெனவே ஒரு கவலை இருக்கும்போது இரண்டாவதை விலைக்கு வாங்காதீர்கள். இறங்கும் விமான நிலையத்தில் சுங்கத்துறை கேட்கும் கேள்வி தனி.

ஸ்கோப் போய்ச் சேர்ந்தாலும் அண்ணனுக்கு உதவாது. "கயோட்டி மாதிரிதானே, நம்மூரிலும் நரி அடிப்பார்களே" என்று எழுதியிருக்கிறீர்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு நம்மூர் நரி, மிகக் கடுமையான பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதை வேட்டையாடினால் மூன்று முதல் ஏழு ஆண்டு சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். பொங்கலுக்கு நரி பிடித்து ஓடவிடும் சேலம் பக்கத்து ஊர்களில் வனத்துறை வழக்குப் போடுவதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். காட்டுப்பன்றியும் அந்தச் சட்டத்தின் பட்டியலில் உள்ள விலங்குதான். 2025 தொடக்கத்தில் தமிழக அரசு, காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளைச் சுட அனுமதித்தது. சுட வேண்டியவர்கள் வனத்துறையினர், நில உரிமையாளர் அல்ல.

அண்ணன் செய்ய வேண்டியது, பன்றி புகுந்த மறுநாள் காலையிலேயே சேதத்தைப் போட்டோ எடுத்து, பட்டா, அடங்கல் நகலோடு வனச்சரக அலுவலகத்தில் இழப்பீட்டுக்கு மனு கொடுப்பது. கிராம நிர்வாக அலுவலரிடமும் தகவல் சொல்லி, மனு பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகைச் சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளட்டும். அக்கம்பக்கத்தில் மக்காச்சோளம் போட்டவர்களும் சேர்ந்து மனு கொடுத்தால் வனத்துறை சீக்கிரம் திரும்பிப் பார்க்கும்.